சிரிக்கும் ஆமையின் ஏழாம் பகுதி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்குக் காட்டாதீர்கள். உங்கள் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் செய்யும் அக்காவிடம், "எங்க அண்ணன் பொண்ணு எவ்வளவு அழகா எழுதுறா பாருங்க" என்று வாசித்துக் காட்டாதீர்கள். போன முறை நான் பள்ளி நாடகத்தில் மேடையிலிருந்து விழுந்ததைப் பற்றி எழுதியது அப்படித்தான் உங்கள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. படித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். அழித்தவையெல்லாம் போய்க் குவியும் இடம் ஒன்று இருக்கிறதே, அங்கேயும் போய் அழித்துவிடுங்கள்.

இங்கே நாங்கள் எல்லோரும் நலம், நாளைக் காலை வரைக்கும். அதற்குப் பிறகு எப்படி இருப்போம் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், மாமா மறுபடி மீசை வைத்திருப்பார், காப்பகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடிப்பதை நிறுத்தியிருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் போர்வைக்குள் இருந்து, கைபேசி வெளிச்சம் வெளியே தெரியாமல் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். என் அறைக்கும் அப்பா அம்மா அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, சுவர் மாதிரி வண்ணம் அடித்த பலகை. அம்மா கொட்டாவி விட்டால் எனக்குக் கேட்கும். அதோடு நீங்கள் இரவில் கைபேசியை அணைத்துவிட்டுப் படுப்பவர். விடிந்ததும் காப்பகத்தைத் திறக்கும் முன் மின்னஞ்சலைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேட்க வந்தது இதுதான். சிரிக்கும் ஆமையை உடனே இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முழு ஆமையையும் எடுக்க மனம் வராவிட்டால் ஏழாம் பகுதியையாவது எடுத்துவிடுங்கள். நாளைக் காலை அப்பா கூட்டத்துக்குப் போய் உட்காரும் முன் எடுத்துவிடுங்கள்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், எங்காவது விட்டால் எனக்குப் பயத்தில் தொடர்ச்சி மறந்துவிடும்.

உங்கள் அண்ணன் வர்த்தகத் துறையில் அதிகாரி என்று உங்களுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று தெரியாது. அம்மாவுக்கே போன வருஷம்தான் தெரிந்தது. எங்கள் நாடும் உங்கள் நாடும் சேர்ந்து ஒரு வர்த்தக உடன்படிக்கை போட்டிருக்கின்றன. அது நான் பிறப்பதற்கு முன் எழுதியது. அதில் தொலைநகலைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, ஃப்ளாப்பியை எப்படி உறையில் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது, இணையம் என்ற சொல் ஓர் அடிக்குறிப்பில் மட்டும் கூச்சத்தோடு வருகிறது. இப்போது எல்லோரும் பாட்டையும் பாடத்தையும் விளையாட்டையும் எல்லை தாண்டி நொடியில் விற்கிறார்கள் அல்லவா, அதற்கேற்றபடி அந்தப் பகுதியைப் புதுப்பிப்பதுதான் அப்பாவின் வேலை. நான்கு வருஷமாகப் புதுப்பிக்கிறார். அதற்குள் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, கதவு, என் பள்ளி எல்லாம் புதிதாகிவிட்டன.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வாசகத்தையும் வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் விடமாட்டார். "கண்ணால படிச்சா தப்பு நழுவிப் போயிடும்மா, வாயால படிச்சா தொண்டையில மாட்டும்" என்பார். முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பல் மருத்துவரான அம்மா நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வருபவர், இவர் வாயைத் திறந்ததும் தூங்கிவிடுவார். பிறகு எனக்கு வாசித்தார். நான் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். கடைசியில் மனம் நொந்து, பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் எதிரே நின்று வாசிக்க ஆரம்பித்தார். "இதாவது முழிச்சுக்கிட்டு இருக்கே" என்றார்.

போன வருஷம் உங்கள் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மதியத்தில் தூங்க மறுக்கிறார்கள் என்று நீங்கள் அழாத குறையாகச் சொன்னபோது, நான் சும்மா விளையாட்டுக்குத்தான் அப்பா பழைய உடன்படிக்கையை வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்பினேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று வேகத்தைக் குறைத்தேன். அப்பா குரல் கிணற்றுக்குள் நின்று பேசும் ஒரு பெரிய உடம்புக்காரரின் குரல் மாதிரி ஆனது. மறுநாள் நீங்கள் கூப்பிட்டுக் கிசுகிசுத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏ குட்டி, யாரு அந்த ஆளு? அத்தனை பிள்ளைங்களும் தூங்கிடுச்சு. சமையல் அக்கா கரண்டியோட தூங்கிட்டாங்க."

"உங்க அண்ணன்தான் அத்தை."

"கடவுளே. இந்தத் திறமையை வச்சுக்கிட்டா அண்ணன் இத்தனை நாளா அரசாங்க வேலை பாத்துட்டு இருக்காரு?"

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உங்கள் பொறுப்பு என்பதை அன்போடு நினைவுபடுத்துகிறேன். பெற்றோர்கள் கேட்டார்கள் என்று இணையத்தில் இருக்கும் ஒலிக்கடையில் அதை விற்பனைக்கு வைத்தது நீங்கள். காப்பகச் சுவரில் வரைந்திருக்கும் ஆமையைப் பார்த்து 'சிரிக்கும் ஆமை' என்று பெயர் வைத்தது நீங்கள். பின்னணியில் வருவது என்ன சத்தம் என்று கேட்டவர்களுக்கு 'ஆழ்கடல் அலை' என்று பதில் எழுதியதும் நீங்கள். அது எங்கள் வீட்டுப் போர்வைகள் சுழலும் சத்தம். கிடைத்த பணத்தில் பிள்ளைகளுக்கு மெத்தை வாங்கினீர்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். முதல் ஆறு பகுதிகளிலும் தப்பு ஒன்றும் இல்லை, அவை பழைய உடன்படிக்கை. அது அரசாங்க வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது, யாருக்கும் வேண்டாம் என்பதால் அப்படியே கிடக்கிறது.

இனிமேல்தான் பயம். அப்பாவுக்குப் புதிய வாசகத்தில் ஒரு செல்லப் பிரிவு இருக்கிறது. எல்லை தாண்டி இணையத்தில் எதையும் விற்பவர் தன் உண்மையான பெயரையும் முகவரியையும் எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. கொஞ்ச நாளைக்கு முன் சாப்பிடும்போது அதை அம்மாவுக்கு விளக்கினார்.

"பக்கத்து நாட்டுலேருந்து ஒரு நாற்காலி வருதுன்னு வை. எல்லையில நிறுத்துவாங்க, பெட்டியைப் பிரிப்பாங்க, யாரு அனுப்புனதுன்னு மேல ஒட்டியிருக்கும். கால் உடைஞ்சிருந்தா அந்த முகவரிக்குப் போய்ச் சண்டை போடலாம். இப்ப ஒரு பாட்டு வருதுன்னு வை. எந்த வழியா வந்துச்சு, யாரு அனுப்புனா, ஒண்ணும் தெரியாது. கால் உடைஞ்சிருந்தா யாருகிட்டப் போறது?"

"பாட்டுக்கு ஏதுங்க கால்?" என்றார் அம்மா.

"உதாரணத்துக்குச் சொன்னேன்."

"சாப்பாடு ஆறுது. உதாரணத்தை அப்புறம் வச்சுக்கலாம்."

அப்பா விடவில்லை. "அப்புறம் இல்ல, இப்பவே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. சிரிக்கும் ஆமைன்னு ஒருத்தன்."

எனக்குப் புரையேறியது. அம்மா தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "மென்னு சாப்பிடு, பல்லு எதுக்கு இருக்கு" என்றார்.

"பேரு கிடையாது, ஊரு கிடையாது. ஆயிரக்கணக்குல விக்கிறான். என்ன விக்கிறான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. வாங்குனவங்களை விசாரிச்சா, 'ரொம்ப நல்லா இருந்துச்சு சார், ஆனா என்னன்னு ஞாபகம் இல்ல'ங்கறாங்க. இது ஏதோ புதுவகை மோசடின்னு எங்க செயலாளர் சந்தேகப்படறாரு."

அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் அப்பா உங்கள் ஆமையைத்தான் உதாரணமாகத் தூக்கிக்கொண்டு போகிறார். உங்கள் நாட்டுத் தரப்போ அந்தப் பிரிவை நான்கு வருஷமாக எதிர்க்கிறது. வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்து விற்கும் பெண்களெல்லாம் வீட்டு முகவரியை உலகத்துக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் அதை நான் எந்த முகத்தோடு அப்பாவிடம் கேட்பது?

இந்த வாரம் கடைசிச் சுற்றுக் கூட்டம் எங்கள் ஊரில், பெரிய விடுதி ஒன்றின் மண்டபத்தில் நடக்கிறது. கடைசிச் சுற்றில் வாதம் கிடையாதாம். ஒருவர் வாசகத்தைப் பத்தி பத்தியாக உரக்க வாசிப்பார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் "ஏற்கப்பட்டது" என்று சொல்லி மரச் சுத்தியலால் ஒரு தட்டு. பேசாமல் இருப்பதுதான் அங்கே சம்மதம். இரண்டு தரப்பும் சேர்ந்து, வாசிப்பதற்கு அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். உச்சரிப்பு சுத்தமாம்.

செவ்வாய்க்கிழமை அப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. ஜெயித்தவர் முகமும் இல்லை, தோற்றவர் முகமும் இல்லை.

"அந்தப் பிரிவு ஏத்துக்கிட்டாங்க" என்றார்.

"நாலு வருஷமா மாட்டேன்னவங்களா?" என்றார் அம்மா.

"அதுதான் எனக்கே புரியல. எதிர்த்தரப்புத் தலைவி ஒரு அம்மா, ரொம்பக் கெட்டிக்காரங்க, ஒரு காற்புள்ளிக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க. நான் இன்னைக்கு முகவுரையை ஆரம்பிக்கிறேன். 'இந்த உடன்படிக்கையின் தரப்பினர், தமக்கிடையேயான நெடுங்கால நட்பை நினைவுகூர்ந்து'ன்னு வாசிக்கிறேன், அவங்க கண்ணு அப்படியே சொக்குது. ரெண்டாவது வரியில தலை சாயுது. அப்புறம் பிரிவு பிரிவா போறேன், ஒரு ஆட்சேபமும் இல்ல. தலைவர் தட்டுறாரு, நான் வாசிக்கிறேன், அவர் தட்டுறாரு."

"பக்கத்துல இருந்தவங்க எழுப்பலையா?"

"மேடம் கண்ணை மூடினா ஏதோ பெரிய வியூகம் யோசிக்கிறாங்கன்னு அவங்க ஆளுங்க பயபக்தியோட உக்காந்திருக்காங்க. எங்க பக்கமும் அதே பயம்தான். அவங்க கோப்புப் பையில ஒரு மஞ்சள் வாத்து ஒட்டியிருக்கு. அதுக்கு என்ன உள்ளர்த்தம்னு எங்க குழுவுல தனியா ஒரு குறிப்பே தயார் பண்ணியிருக்காங்க."

"ஒருவேளை தூங்கிட்டாங்களோ?"

"என் வாசிப்புலயா?" என்று கேட்டார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

அத்தை, அந்த மஞ்சள் வாத்துக்கு என்ன உள்ளர்த்தம் என்று இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளின் பைகள் மாறிப்போகாமல் இருக்க நீங்கள் ஒட்டும் வாத்து அது. "ஒரு அதிகாரி அம்மா இருக்காங்க, ராத்திரி குழந்தைக்கு ஆமையைப் போட்டுவிட்டு, குழந்தைக்கு முன்னாடி அவங்க தூங்கிடறாங்களாம்" என்று நீங்கள் போன மாதம் சொல்லிச் சிரித்தீர்களே, அவர்தான் இவர். மாதக்கணக்கில் தினமும் அந்த முகவுரையைக் கேட்டுத் தூங்கிப் பழகியவர் முன்னால் போய் அப்பா அதே முகவுரையை, அதே ஏற்ற இறக்கமில்லாத ராகத்தில் வாசித்தால் அவர் என்ன செய்வார், பாவம். நேற்று அவர் அப்பாவிடம் வந்து, அந்தப் பிரிவை மறுபடி பேச்சுக்கு எடுக்க முடியுமா என்று கேட்டாராம். கண்ணெல்லாம் சிவந்திருந்ததாம். எங்கள் செயலாளர் முடியாது என்று குதித்துவிட்டு, கடைசியில் நாளைக் காலை அரை மணி நேரம் மட்டும் பேசலாம் என்று இறங்கி வந்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்திருப்பேன். ஏழாம் பகுதி இருக்கிறதே. அதைப் பதிவு செய்த அன்று, வழக்கம்போலக் கைபேசியைச் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டேன். அப்பா அன்றைக்கு வாசித்தது பழையது இல்லை, இன்னும் வெளியிடாத புதிய வாசகம். எல்லா உடன்படிக்கையும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அனுப்பும் முன் முழுக்கக் கேட்டுப் பார்க்கத்தான் நினைத்தேன். முயற்சி செய்த ஒவ்வொரு முறையும், கன்னத்தில் கைபேசியின் அச்சோடு காலையில்தான் எழுந்தேன். கடைசியில் கேட்காமலே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் கேட்காமலே விற்பனைக்கு வைத்துவிட்டீர்கள். நேற்றுத்தான், செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேட்ட பயத்தில், மொட்டை மாடியில் நடந்துகொண்டே, தூங்காமல் இருக்க உள்ளங்கையில் ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டேன். வாசிப்பு முடிந்து, இயந்திரம் நின்று, அம்மா துணி எடுக்க வரும் சத்தம் கேட்கிறது. பிறகு இப்படி வருகிறது.

"ஏங்க, அவங்க கடைசி வரைக்கும் ஒத்துக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"சின்ன வியாபாரிங்களுக்கு மட்டும் விலக்குக் குடுத்துடுவோம். பேரு முகவரி எல்லாம் பெரிய கம்பெனிங்க மட்டும் போட்டா போதும்னு இறங்கிடுவோம். ஆனா கடைசி நிமிஷம் வரைக்கும் இதை வெளிய விடக் கூடாது. இது எனக்கும் செயலாளருக்கும் மட்டும்தான் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியுமே."

"உனக்குக் காலையில மறந்துடும்."

அத்தை, எங்கள் நாட்டின் ரகசியத்தை, கிணற்றுக் குரலில், ஆழ்கடல் அலையோடு, நாம் பென்சில் விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் இருக்கிறது. ஒலிக்கடையின் பக்கத்தில், ஒவ்வொரு பகுதியையும் எத்தனை பேர் கடைசி வரை கேட்டார்கள் என்று ஓர் எண் காட்டுமே, அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் பாதியில் தானாக நிற்கும்படி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள், அதனால் ஆறு பகுதிகளுக்கும் அந்த எண் பூஜ்யம். ஏழாம் பகுதிக்கும் பூஜ்யமாகத்தான் இருந்தது. முந்தாநாள் ஒன்று என்று மாறியது. நேற்று இரண்டு. இன்று மூன்று. நான் மாடியில் கேட்டது என் கைபேசியில் இருக்கும் பதிவு, அது கணக்கில் வராது. யாரோ ஒருவர் தினமும் ராத்திரி கண் விழித்து, கடைசிச் சொல் வரை கேட்கிறார். கேட்பவர் எந்த நாடு என்றும் அதில் காட்டும். எங்கள் நாடு. எதிர்த்தரப்பு ஆட்கள் எல்லோரும் இந்த வாரம் எங்கள் ஊர் விடுதியில்தான் தங்கியிருக்கிறார்கள். அந்த அம்மா தூங்குவார் சரி, அவருக்குக் கீழே தூங்காத ஓர் ஆள் இருந்தால்? கையில் ஐஸ் கட்டியோடு ஓர் ஒற்றர் கட்டிலில் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்துகொண்டே இருக்கிறது.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பேசிப் பேசிப் புரிய வைக்க முடியல. நாளைக்கு அந்த அரை மணி நேரத்துல ஆமையையே மண்டபத்துல ஒலிபெருக்கியில போட்டுக் காட்டப் போறேன். ஏழாம் பகுதி. அதுதான் நிறைய விக்குது. பேரில்லாத ஒருத்தன் எதையெல்லாம் விக்கலாம்னு எல்லாரும் காதால கேக்கட்டும்."

"நீங்க கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நினைத்துப் பாருங்கள் அத்தை. மண்டபம் முழுக்க அதிகாரிகள். ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல். ஒன்று, எல்லோரும் தூங்கிவிடுவார்கள், கடைசியில் சுத்தியல் தட்டக் கூட ஆள் இருக்காது. அல்லது யாராவது ஒருவர் முழித்திருந்து, "சார், இது நீங்கதானே" என்பார். அதற்குப் பிறகு அம்மாவின் குரலும் வரும். உலகத்திலேயே தன் நாட்டு ரகசியத்தைத் தானே ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய முதல் அதிகாரி என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு வருஷம் இயந்திரத்தின் முன்னால் நின்று வாசித்தவர் அத்தை. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டையைக் கூட, உடன்படிக்கை கையெழுத்தாகும் நாளில் போட்டுக்கொள்கிறேன் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறார். வேலை போனாலும் அவர் என்னைத் திட்ட மாட்டார், சும்மா ஒரு முறை பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்.

ஆகவே காலையில் பல் விளக்கும் முன், கணக்குக்குள் போய் ஏழாம் பகுதியை எடுத்துவிடுங்கள். காரணம் கேட்பவர்களுக்கு ஆமைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லுங்கள். அந்த அதிகாரி அம்மாவின் குழந்தைக்கு நான் வேறு ஏதாவது பதிவு செய்து தருகிறேன், எங்கள் கணக்கு ஆசிரியர் குரலும் ஓரளவு வேலை செய்யும். மற்றபடி மாமாவுக்கு என் அன்பையும், சமையல் அக்காவுக்கு என் விசாரிப்பையும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் முத்தத்தையும் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லோரும் என்னை மனதார வாழ்த்தும்படி நான் பணிவோடு கேட்டுக்கொண்ட

கதவை யாரோ தட்டு

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள்.

தட்டியது அப்பா. தோளில் போர்வை, கையில் கைபேசி, தலைமுடி ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தது.

"தூங்கலையாம்மா?"

"படிச்சுட்டு இருக்கேன்பா."

"போர்வைக்குள்ளயா?"

"குளிருதுப்பா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியை என்னிடம் நீட்டினார். "இதுல ஒரு சின்ன உதவி. இந்த ஆமையை ஆராயணும்னு மூணு நாளா ராத்திரி காதுல மாட்டிக்கறேன். முகவுரையைத் தாண்ட முடியல, தூங்கிடறேன். அது பாட்டுக்கு விடிய விடிய ஓடி, முடிஞ்சுபோய்க் கிடக்கு. காலையில பாத்தா போன்ல உயிரே இல்ல. தானா நிக்கற மாதிரி ஏதாவது வழி இருக்கா?"

அத்தை, நான் கைபேசியை வாங்கிப் பார்த்தேன், ஏழாம் பகுதிதான். அந்த மூன்று முறையும் கடைசி வரை கேட்ட ஒற்றர் எங்கள் வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்.

"ஆளு யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம துறையில இருந்து ஓய்வு பெற்ற யாரோ. பழைய உடன்படிக்கையைத்தான் வாசிக்கிறாரு, முகவுரை அப்படியே இருக்கு. நல்ல கனமான உடம்பு, குரல்லயே தெரியுது. கடற்கரை ஓரமா வீடு போல, பின்னாடி அலை அடிக்குது. குடுத்து வச்சவரு." சாப்பாட்டு மேசையில் 'விக்கிறான்' என்றவர் இப்போது 'வாசிக்கிறாரு' என்றார். "நாலு வருஷத்துல நான் இப்படித் தூங்குனதில்லம்மா."

"அப்ப நாளைக்கு மண்டபத்துல போடப் போறீங்களா?"

"போடல. போட்டா என்ன ஆகும்னு இப்பத்தான் யோசிச்சேன். ரெண்டு தரப்பும் சாஞ்சுடும். எங்க செயலாளர் சும்மாவே மதியத்துக்கு மேல கண்ணைத் திறக்க மாட்டாரு." கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணும் தோணுச்சு. செவ்வாய்க்கிழமை அந்தம்மா வியூகம் எல்லாம் பண்ணல. உங்க அம்மா சொன்ன மாதிரி தூங்கித்தான் போயிருக்காங்க. அவங்களும் இந்த ஆமையைக் கேக்கறவங்களா இருக்கும். கேட்டுப் பழகின காதுக்கு முகவுரை ஒண்ணு போதும், எனக்கே அப்படித்தானே ஆகுது. ஆக, தப்பு என் வாசிப்புல இல்ல."

"உங்க வாசிப்புல ஒரு தப்பும் இல்லப்பா" என்றேன். அதை முழு மனதோடு சொன்னேன்.

"தூங்கறவங்ககிட்ட வாங்கின சம்மதம் எனக்கு வேண்டாம். நாளைக்கு நானே எழுந்து, சின்ன வியாபாரிங்களுக்கு விலக்குன்னு சொல்லிடப் போறேன். செயலாளர்கிட்ட இப்பதான் போன்ல பேசுனேன். தூக்கத்துல 'ம்'னாரு. காலையில முழிச்சிருக்கும்போது மறுபடி ஒரு தடவை கேட்டுக்கணும். இந்த மனுஷனைப் போய், பேரு குடு வீட்டு முகவரி குடுன்னு தொல்லை பண்ணலாமா? யாரோ, எங்கேயோ, பாவம், தானுண்டு தன் வாசிப்புண்டுன்னு இருக்காரு."

"அவரை நேர்ல பாத்தா என்ன சொல்லுவீங்க?"

"நன்றி சொல்லுவேன்." யோசித்தார். "அப்புறம், மூணாவது வரியில மூச்சு விடாம ஓடுறீங்க, அங்க கொஞ்சம் நிறுத்தி வாசிங்கன்னு சொல்லுவேன்."

தானாக நிற்கும்படி வைத்துக் கொடுத்தேன். சரியாக வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று என் தலையணையில் சாய்ந்து காதில் மாட்டிக்கொண்டார். 'நெடுங்கால நட்பு' வரைக்கும் கூடப் போகவில்லை. இப்போது குறட்டை. கட்டில் முழுக்க அவருடையது, நான் தரையில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன்.

அதனால் அத்தை, ஏழாம் பகுதியைக் காலையில் எடுத்துவிடாதீர்கள், அப்பா அதற்குள்தான் இருக்கிறார். அவர் எழுந்து, சட்டை மாட்டி, கூட்டத்துக்குக் கிளம்பியதும் நான் ஒரு வரி அனுப்புகிறேன், அப்போது எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறாம் பகுதியையே மறுபடி வையுங்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. உடன்படிக்கை கையெழுத்தாகி, அப்பா அந்தப் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வரும் அன்றைக்கு நானே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எட்டாம் பகுதிக்கு, மூன்றாவது வரியில் நிறுத்தி வாசிக்கும்படி, நேராகவே கேட்டுக்கொள்வேன். உங்கள் பங்கையும் சொல்வேன் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

யாருக்கும் காட்டக் கூடாது என்ற முதல் பத்தி மட்டும் அப்படியே இருக்கும், மற்றதெல்லாம் ரத்து. சமையல் அக்காவும் அந்த 'யாருக்கும்' என்பதில் அடக்கம்.

ஆட்சேபம் உண்டா?

நீங்கள் இந்நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கப்பட்டது.

உங்கள் அண்ணன் மகள்